தனித்து இயங்கும் விளம்பர எழுத்தாளரின் கட்டணமும் ஒப்பந்தமும்

மாதச் சம்பளத்துக்கு ஒரு நிறுவனத்தில் சேராமல், தனியாக விளம்பர வாசகங்கள் எழுதித் தொழில் செய்ய வருபவர்கள் முதலில் கேட்பது, "இந்த வேலைக்கு எவ்வளவு வாங்கலாம்?" என்பதைத்தான். "இந்த வேலை" எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று வரையறுக்காதவரை அந்தக் கேள்விக்கு விடை கிடையாது. ஐந்து பக்க இணையதளத்துக்கு 40,000 ரூபாய் என்று ஒருவர் சொன்னால், அதில் எத்தனை முறை திருத்தம் அடங்கும், தொழிற்கூடத்துக்குப் போய்ப் பார்த்து வருவது அடங்குமா, அதே வாசகத்தை நாளை செய்தித்தாள் விளம்பரத்திலும் போட்டுக்கொள்ளலாமா, பணம் எப்போது கைக்கு வரும் என்பவை தெரிந்தால்தான் அந்தத் தொகை கூடுதலா குறைவா என்று சொல்ல முடியும். விலையை முதலில் பேசி முடித்துவிட்டு நிபந்தனைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற பழக்கமே இத்தொழிலில் நேரும் பெரும்பாலான கசப்புகளுக்குக் காரணம் என்பது என் உறுதியான எண்ணம். கட்டணமும் ஒப்பந்தமும் ஒரே தாளில், ஒரே நேரத்தில் எழுதப்பட வேண்டியவை.

இங்கே சொல்லப்படுபவை இந்தியாவில் இருந்துகொண்டு தமிழில் எழுதுபவர்களுக்குப் பொருந்துபவை. அவர்களுக்கு வேலை இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, நேரடி வாடிக்கையாளர்: கோவையில் வெட் கிரைண்டர் செய்யும் நிறுவனம், தியாகராய நகர்த் துணிக்கடை, மதுரையில் புதிதாகத் திறக்கும் மருத்துவமனை போன்றவர்கள். மற்றொன்று, விளம்பர ஏஜென்சி: மும்பையிலோ பெங்களூரிலோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் உருவான விளம்பரத்தைத் தமிழுக்குக் கொண்டுவரச் சொல்லும் அலுவலகம். முதல் வகையில் பெரும்பாலும் முதலாளியிடமே பேசலாம். பணமும் ஓரளவு விரைவாக வரும். ஆனால் வேலையின் எல்லை விரிந்துகொண்டே போகும். இரண்டாம் வகையில் எல்லை தெளிவாக இருக்கும். பணம்தான் மாதக்கணக்கில் தாமதமாகும். ஆகவே இருவருக்கும் ஒரே ஒப்பந்த வாசகத்தை அனுப்புவது பயன்தராது.

உங்கள் ஒரு நாளின் அடக்கவிலை

எந்தத் தொழிலிலும் விற்கும் விலைக்கு முன் அடக்கவிலை தெரிந்திருக்க வேண்டும். எழுத்தாளர்கள் இதைக் கணக்கிடுவதே இல்லை. அடுத்தவர் என்ன வாங்குகிறார் என்று விசாரித்து, அதில் கொஞ்சம் குறைத்துச் சொல்கிறார்கள். அடுத்தவரின் வீட்டு வாடகையும் கடனும் அனுபவமும் உங்களுடையவை அல்ல என்பதால் அந்த எண் உங்களுக்கு எதையும் சொல்லாது.

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். குடும்பச் செலவுக்கு மாதம் 45,000 ரூபாய் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 5,40,000 ரூபாய். மடிக்கணினி, இணைய இணைப்பு, மின்சாரம், கணக்காளர் கட்டணம், மருத்துவக் காப்பீடு ஆகியவற்றுக்கு 1,20,000 ரூபாய். வருமான வரிக்கும், சம்பள வேலையில் இருந்திருந்தால் வருங்கால வைப்பு நிதியாகச் சேர்ந்திருக்கக்கூடிய சேமிப்புக்கும் 1,80,000 ரூபாய். ஆக, ஆண்டுக்கு 8,40,000 ரூபாய் வர வேண்டும். இதை எத்தனை நாட்களால் வகுப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். வாரத்துக்கு ஐந்து நாள் வேலை என்றால் ஆண்டுக்கு 260 நாட்கள் என்று எடுத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு ஏறத்தாழ 3,230 ரூபாய் போதும் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். பொங்கல், தீபாவளி, காய்ச்சல், உறவினர் திருமணம் என்று முப்பது நாட்களாவது அதில் கழியும். மீதமுள்ள 230 நாட்களில் வாடிக்கையாளரைத் தேடுவதற்கும், விலைப்புள்ளி அனுப்புவதற்கும், வராத பணத்தைக் கேட்டுத் தொலைபேசியில் அழைப்பதற்கும், படிப்பதற்கும் ஏறக்குறைய பாதி போய்விடும். பில் போடக்கூடிய நாட்கள் 120 இருந்தாலே நல்ல ஆண்டு. 8,40,000-ஐ 120-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 7,000 ரூபாய். நாளொன்றுக்குக் கவனம் சிதறாமல் எழுத முடிவது ஐந்து மணி நேரம் என்று கொண்டால், மணிக்கு 1,400 ரூபாய்.

இந்த எண்ணை வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டிய அவசியமில்லை. இதற்குக் கீழே இறங்கினால் உங்கள் கைக்காசைப் போட்டு அவருக்கு எழுதிக்கொடுக்கிறீர்கள் என்று எச்சரிக்கும் கோடு மட்டுமே இது. கோட்டுக்கு மேலே எவ்வளவு கேட்கலாம் என்பது உங்கள் அனுபவத்தையும், அந்த எழுத்து எவ்வளவு பேரைச் சென்றடையப் போகிறது என்பதையும், அதை வேறு யார் எழுத முடியும் என்பதையும் பொறுத்தது. ஒரு தெருவில் விநியோகிக்கப்படும் துண்டறிக்கைக்கும், மாநிலம் முழுவதும் ஹோர்டிங்குகளில் நிற்கப்போகும் வாசகத்துக்கும் எழுதும் நேரம் ஒன்றாகவே இருக்கலாம். கட்டணம் ஒன்றாக இருக்கக் கூடாது.

எந்த அலகில் விலை சொல்வது

சொல்லுக்கு இவ்வளவு, மணிக்கு இவ்வளவு, வேலைக்கு மொத்தமாக இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு என்று நான்கு முறைகள் வழக்கத்தில் உள்ளன.

சொல்லுக்கு இவ்வளவு என்ற முறை தமிழ் எழுத்தாளருக்குப் பெரும்பாலும் பாதகமானது. தமிழ் ஒட்டுநிலை மொழி. ஆங்கிலத்தில் ஆறு தனிச்சொற்களாக நிற்கும் ஒரு தொடர் தமிழில் "வந்துகொண்டிருந்தவர்களுக்காக" என்று ஒரே சொல்லாக அமையும். ஆங்கிலத்துக்கு நிர்ணயித்த அதே விலையைத் தமிழ்ச் சொல்லுக்கும் வைத்தால், அதே உள்ளடக்கத்துக்குத் தமிழ் எழுத்தாளர் குறைவாகவே பெறுவார். துணைவினையைச் சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்பதைப் பொறுத்துக்கூடச் சொற்களின் எண்ணிக்கை மாறும் என்பதால், நல்ல தமிழ் எழுதுபவருக்குத் தண்டனையாகவும் அது முடியும். ஏஜென்சிகள் இந்த முறையைத்தான் வற்புறுத்துகின்றன என்றால், மூல மொழியின் சொற்களை எண்ணியே கட்டணம் கணக்கிடப்படும் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். விளம்பர முழக்கத்துக்கோ இந்த அலகு முற்றிலும் பொருந்தாது. நான்கு சொற்கள் கொண்ட ஒரு டேக்லைனுக்குப் பின்னால் ஒரு வாரச் சிந்தனையும், தள்ளிவைக்கப்பட்ட அறுபது எழுபது வரிகளும் இருக்கக்கூடும்.

மணிக்கு இவ்வளவு என்ற முறை ஆலோசனைக் கூட்டங்களுக்கும் அவசரத் திருத்தங்களுக்கும் மட்டுமே சரி. எழுதுவதற்கு அதை வைத்தால் வேகமாக எழுதத் தெரிந்தவர் குறைவாகச் சம்பாதிப்பார்; வாடிக்கையாளரும் மொத்தச் செலவு எங்கே போய் நிற்குமோ என்ற பயத்திலேயே இருப்பார்.

தொடங்குபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது, வேலைக்கு மொத்தமாக ஒரு தொகை சொல்லும் முறையைத்தான். கோவை கிரைண்டர் நிறுவனத்தின் ஐந்து பக்க இணையதளத்தையே எடுத்துக்கொள்வோம். தயாரிப்பு விவரங்களைப் படித்து முதலாளியிடம் கேள்விகள் கேட்க ஒரு நாள், தொழிற்கூடத்தையும் இரண்டு விற்பனையாளர்களையும் பார்த்துவர ஒரு நாள், எழுத இரண்டு நாட்கள், இரண்டு சுற்றுத் திருத்தத்துக்கு ஒரு நாள் என ஐந்து நாட்கள் ஆகும். அடக்கவிலை 35,000 ரூபாய். எதிர்பாராத இழுபறிக்கு ஏழில் ஒரு பங்கு சேர்த்தால் 40,000 ரூபாய். இந்தக் கணக்கை மனத்தில் வைத்திருப்பவர், விலையைக் குறைக்கச் சொல்லும்போது எதைக் குறைக்கலாம் என்பதையும் அறிந்திருப்பார்.

மாதத் தொகை, அதாவது ரீடெய்னர், நிலையான வருமானம் தருவதால் இனிமையாகத் தோன்றும். மாதத்துக்கு எத்தனை பதிவுகள், எத்தனை ரீல்ஸ் வசனங்கள் என்று எண்ணிக்கை இல்லாத ரீடெய்னர், சம்பளத்தின் பாதுகாப்பு எதுவும் இல்லாத முழுநேர வேலையாகவே முடியும். ஒரு மாதத்தில் பயன்படுத்தாத எண்ணிக்கை அடுத்த மாதத்தில் சேராது என்றும், முடித்துக்கொள்ள இரு தரப்பும் முப்பது நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்றும் எழுதுங்கள்.

பேரம்

"தம்பி, முதல் வேலைதானே, பார்த்துப் போட்டுக்கொடுங்க" என்று ஒரு கடை முதலாளி கேட்பதில் தவறு ஏதுமில்லை. அவர் காலையிலிருந்து இரவுவரை எல்லோரிடமும் அப்படிக் கேட்டும் கேட்கப்பட்டும் வாழ்பவர். விலையை மட்டும் குறைத்து வேலையை அப்படியே வைத்திருப்பதுதான் தவறு. "அண்ணே, முப்பதாயிரத்துக்குள் வேண்டும் என்றால் மூன்று பக்கங்களாக வைத்துக்கொள்வோம், மற்ற இரண்டையும் அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று சொன்னால், மரியாதையும் கெடாது, உங்கள் விலைக்கு ஒரு காரணம் இருக்கிறது என்பதும் அவருக்குப் புரியும். காரணமின்றிக் குறைக்கப்பட்ட விலை, முதலில் சொன்ன விலை பொய் என்று ஒப்புக்கொள்வதற்குச் சமம்.

இலவச மாதிரி கேட்பவர்களிடம் முன்பு வெளியான வேலைகளைக் காட்டலாம். அவருக்கென்றே புதிதாக எழுத வேண்டும் என்றால் அது மாதிரி அல்ல, வேலை. அதற்குச் சிறு தொகையாவது பெற வேண்டும்.

எழுத்தில் என்ன இருக்க வேண்டும்

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, தகுதியுள்ள இருவர் சுதந்திரமாகச் சம்மதித்து, சட்டப்படியான ஒரு நோக்கத்துக்காக, ஒரு பிரதிபலனை முன்வைத்துச் செய்யும் உடன்படிக்கையே ஒப்பந்தமாகும். பொதுவாக அது வாய்மொழியாக இருந்தாலும் செல்லும். ஆனால் வாய்மொழியை நிரூபிப்பது கடினம். மின்னஞ்சலில் உருவாகும் ஒப்பந்தம் மின்னணு வடிவில் இருக்கிறது என்பதற்காகவே செல்லாமல் போகாது என்பதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு உறுதிசெய்கிறது. ஆகவே வழக்கறிஞர் எழுதிய பத்துப் பக்க ஆவணம் இல்லாமல் தொழில் தொடங்க முடியாது என்று அஞ்ச வேண்டியதில்லை. தெளிவான ஒரு மின்னஞ்சலும், அதற்குச் "சம்மதம்" என்ற பதிலும் சிறிய வேலைகளுக்குப் போதும். அந்த மின்னஞ்சல் இப்படி இருக்கலாம்:

"ஐயா, நேற்று நாம் பேசியபடி, தங்கள் நிறுவனத்தின் இணையதளத்துக்கு முகப்பு, நிறுவனம் பற்றி, தயாரிப்புகள், சர்வீஸ், தொடர்புக்கு ஆகிய ஐந்து பக்கங்களைத் தமிழில் எழுதித் தருகிறேன். கட்டணம் 40,000 ரூபாய்; ஜிஎஸ்டி பொருந்துமானால் அது தனி. இதில் 20,000 ரூபாயை முன்பணமாகத் தந்ததும் வேலை தொடங்கும். தேவையான விவரங்கள் அனைத்தும் கைக்கு வந்த நாளிலிருந்து பதினைந்து நாட்களில் முதல் வரைவைத் தருவேன். இரண்டு சுற்றுத் திருத்தங்கள் இத்தொகையில் அடங்கும். அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு சுற்றுக்கும் 5,000 ரூபாய். திருத்தங்களைத் தங்கள் தரப்பில் ஒருவரே தொகுத்து எழுத்தில் அனுப்ப வேண்டும். வரைவு கிடைத்து பத்து நாட்களுக்குள் பதில் இல்லையென்றால் அது ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்பட்டு மீதித் தொகைக்கான இன்வாய்ஸ் அனுப்பப்படும். அதைப் பதினைந்து நாட்களுக்குள் செலுத்த வேண்டும். வரைவைத் தந்த பின் வேலை கைவிடப்பட்டால் மொத்தக் கட்டணத்தில் முக்கால் பங்கு உரியது. முழுத்தொகையும் வந்து சேர்ந்த பின், இந்த வாசகங்களைத் தங்கள் இணையதளத்தில் பயன்படுத்தும் உரிமை தங்களுக்கு வரும். தயாரிப்பைப் பற்றித் தாங்கள் தரும் தகவல்களின் உண்மைக்குத் தாங்களே பொறுப்பு."

இதில் ஒவ்வொரு வரியும் ஏதோ ஒரு சண்டையைத் தடுப்பதற்காக இருக்கிறது. "விவரங்கள் அனைத்தும் கைக்கு வந்த நாளிலிருந்து" என்ற சொற்கள் இல்லையென்றால், படங்களையும் விலைப்பட்டியலையும் மூன்று வாரம் கழித்து அனுப்பும் வாடிக்கையாளர் தாமதத்துக்கு உங்களைப் பொறுப்பாக்குவார். "ஒருவரே தொகுத்து" என்பது இல்லையென்றால், முதலாளி ஒன்று சொல்வார், அவர் மகன் அதற்கு நேர்மாறாகச் சொல்வார், விற்பனை மேலாளர் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக மூன்றாவது ஒன்றை அனுப்புவார். மூன்றையும் நிறைவேற்ற முயன்று எழுத்து உருக்குலையும். திருத்தம் என்பது ஏற்கெனவே ஒப்புக்கொண்ட திசைக்குள் செய்யும் மாற்றம் என்றும், திசையே மாறினால் அது புதிய வேலை என்றும் பெரிய வேலைகளில் தனியாக ஒரு வரி சேர்ப்பது நல்லது. குடும்பங்களை நோக்கி எழுதச் சொல்லிவிட்டு, வரைவு வந்ததும் உணவகங்களை நோக்கி மாற்றச் சொல்வது திருத்தம் ஆகாது.

முன்பணம் பற்றித் தயங்க வேண்டாம். தச்சரும் தையல்காரரும் முன்பணம் வாங்கும் ஊரில் எழுத்தாளர் மட்டும் கூச்சப்படுவதற்கு நியாயமில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் சிறு வேலைகளுக்கு முழுத்தொகையையும் முன்னதாகவே பெறுவது சரி. பத்தாயிரம் ரூபாய்க்காகச் சிங்கப்பூரிலோ டொரன்டோவிலோ வழக்குத் தொடுக்க யாராலும் முடியாது.

பெரிய நிறுவனங்களும் ஏஜென்சிகளும் தங்கள் சொந்த ஒப்பந்தத்தையோ பர்ச்சேஸ் ஆர்டரையோ அனுப்புவார்கள். அதை வரிவரியாகப் படியுங்கள். அதில் இரண்டு வாசகங்களைத் தேட வேண்டும். முதலாவது, எங்கள் வாடிக்கையாளர் எங்களுக்குப் பணம் தந்த பின்னரே உங்களுக்குத் தருவோம் என்பது. ஏஜென்சியின் வணிக இடரை அதன் லாபத்தில் பங்கில்லாத உங்கள் தலையில் ஏற்றும் நிபந்தனை அது, நீக்கச் சொல்ல வேண்டும். இரண்டாவது, வேலை முடிந்து ஓராண்டோ ஈராண்டோ அதே துறையில் வேறு யாருக்கும் எழுதக் கூடாது என்பது. ஒருவரைச் சட்டப்படியான தொழில் செய்யவிடாமல் தடுக்கும் உடன்படிக்கை ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி செல்லாது. எனினும் வேலை நடக்கும் காலத்தில் போட்டியாளருக்கு எழுதாமல் இருப்பதும், ரகசியத் தகவல்களைக் காப்பதும் வேறு விஷயம், அவற்றுக்குக் கட்டுப்படத்தான் வேண்டும்.

எழுத்து யாருக்குச் சொந்தம்

இதைத் தொடங்குபவர்கள் அறவே கவனிப்பதில்லை; உண்மையில் கட்டணத்தின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓர் எழுத்துப் படைப்பின் முதல் உரிமையாளர் அதை எழுதியவரே. நிறுவனத்தின் ஊழியராகப் பணியின் பகுதியாக எழுதினால், வேறு உடன்பாடு இல்லாதபோது, உரிமை முதலாளிக்குப் போகும். தனித்து இயங்குபவர் ஊழியர் அல்லர். எனவே பணம் கொடுத்து எழுதச் சொன்னார் என்பதாலேயே பதிப்புரிமை வாடிக்கையாளருக்குப் போய்விடாது. உரிமை மாற்றம் எழுத்து வடிவில், உரியவரின் கையொப்பத்துடன் நடந்தால்தான் செல்லும் என்கிறது 19ஆம் பிரிவு. எத்தனை ஆண்டுகளுக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டுகள் என்றும், எந்த நிலப்பரப்புக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் அதே பிரிவு எடுத்துக்கொள்கிறது.

இதை வைத்து வாடிக்கையாளரை மிரட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தன் கடையின் விளம்பரம் தனக்கே உரியதாக இருக்க வேண்டும் என்று அவர் விரும்புவது இயல்பு. கொடுப்பது என்ன என்று தெரிந்து, அதற்கு விலை வைத்துக் கொடுங்கள் என்பதே என் வேண்டுகோள். இணையதளத்துக்கு மட்டும் பயன்படுத்தும் உரிமம் ஒரு விலை. எல்லா ஊடகங்களுக்கும் காலவரையின்றி முழு உரிமை மாற்றம் வேறு விலை. ஆடித் தள்ளுபடிக்காக ஃபேஸ்புக் பதிவாக எழுதப்பட்ட வரி மூன்று மாதம் கழித்துத் தீபாவளிக்குத் தொலைக்காட்சியில் வந்தால், அந்தக் கூடுதல் பயன்பாட்டுக்குக் கூடுதல் கட்டணம் கேட்க ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தாக வேண்டும். எந்த நிலையிலும், உரிமை முழுப்பணமும் வந்த பின்னரே மாறும் என்ற நிபந்தனையை விட்டுக்கொடுக்காதீர்கள். பணம் வராதபோது உங்கள் கையில் இருக்கும் முதல் பிடி அதுதான். ஏற்கப்படாத வரைவுகள் உங்களுக்கே உரியவை என்பதையும், வெளியான வேலையை உங்கள் தொகுப்பில் காட்டிக்கொள்ளலாம் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

டேக்லைனுக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு மிகக் குறைவு. ஓரிரு வரி முழக்கங்களுக்கும் பெயர்களுக்கும் பதிப்புரிமை உண்டு என்று ஏற்க நீதிமன்றங்கள் பொதுவாகத் தயங்குகின்றன; அவற்றை வணிகச் சின்னமாகப் பதிவு செய்து காத்துக்கொள்ளும் வாய்ப்பு வாடிக்கையாளருக்குத்தான் உண்டு. கேட்ட மாத்திரத்தில் மனத்தில் தங்கிவிடுவதே நல்ல முழக்கத்தின் இயல்பு என்பதால், அதைச் சொல்லிக்காட்டிய பின் திரும்பப் பெறவும் முடியாது. ஆகவே முழக்கம், பெயர் ஆகிய வேலைகளில் கட்டணத்தின் பெரும்பகுதியை, நீங்கள் தேர்ந்தெடுத்த வரிகளை முன்வைக்கும் நாளுக்கு முன்பே பெற்றுக்கொள்ள வேண்டும்.

உண்மைக்கு யார் பொறுப்பு

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், மக்களைத் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்காக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரையும், திரும்பவும் நேர்ந்தால் 50 லட்சம் வரையும் தண்டம் விதிக்க முடியும். வீட்டுமனை விளம்பரத்தில் ரெரா எனப்படும் வீட்டுமனை ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் இருக்க வேண்டும். தகவல்களின் உண்மைக்கு வாடிக்கையாளர் பொறுப்பு என்ற வரியை ஒப்பந்தத்தில் சேர்ப்பது இதற்காகத்தான்.

ஆனால் எல்லாப் பொறுப்பையும் அந்த ஒரு வரி கழுவிவிடாது. நீரிழிவு உள்ளிட்ட பல நோய்களைக் குணப்படுத்துவதாகச் சொல்லும் மருந்து விளம்பரங்களைத் தடைசெய்யும் 1954ஆம் ஆண்டுச் சட்டம், அத்தகைய விளம்பரத்தை வெளியிடுவதில் எவரும் எந்தப் பங்கும் வகிக்கக் கூடாது என்கிறது. அந்த "எவரும்" என்பதில் எழுதியவரும் அடங்கலாம். அதற்கும் மேலாக, சர்க்கரை நோய் அடியோடு தீரும் என்று எழுதப்பட்ட வரியை நம்பி ஒருவர் இன்சுலினை நிறுத்தினால், எந்தக் கட்டணமும் அதை ஈடுசெய்யாது. இத்தகைய வேலையை மறுக்கும் உரிமையை எந்த ஒப்பந்தத்திலும் இழக்காதீர்கள்.

பணம் வரும் வழி

வேலை முடிந்த அன்றே இன்வாய்ஸ் அனுப்புங்கள். அதில் பான் எண், வங்கி விவரம், வேலையின் விவரம், செலுத்த வேண்டிய கடைசித் தேதி ஆகியவை இருக்கட்டும். நிறுவனங்கள் ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் தொழில்முறைக் கட்டணம் தரும்போது 10 சதவீதத்தை வரியாகப் பிடித்துக்கொண்டுதான் தரும்; 2025 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு 30,000 ரூபாயாக இருந்தது. ஆண்டின் மொத்தம் வரம்பைத் தாண்டிய பின், 40,000 வரவேண்டிய இடத்தில் 36,000 வந்ததைப் பார்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்று புதியவர்கள் பதறுவதுண்டு. அந்த 4,000 ரூபாய் உங்கள் பான் எண்ணில் வருமான வரித்துறையில் வரவாகிறது. கணக்குத் தாக்கல் செய்யும்போது உங்கள் வரியில் கழித்துக்கொள்ளலாம், மிஞ்சினால் திரும்பப் பெறலாம். பான் எண் தராவிட்டால் 20 சதவீதம் பிடிக்கப்படும். ஜிஎஸ்டியைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டில் சேவை தருபவரின் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பதிவு கட்டாயம். பதிவு இல்லாதவர் அந்த வரியை வசூலிக்கக் கூடாது.

பணம் தாமதமாவதற்கு எதிராகச் சட்டம் தரும் வலுவான கருவியைப் பல எழுத்தாளர்கள் அறியாமலேயே இருக்கிறார்கள். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம் தொழிற்சாலைகளுக்கு மட்டும் உரியதன்று. சேவை தருபவர்களுக்கும் பொருந்தும். தனியொரு எழுத்தாளர்கூட இத்தொழில்களைப் பதிவு செய்யும் அரசின் உத்யம் தளத்தில் கட்டணமின்றிக் குறுந்தொழிலாகப் பதிவு செய்துகொள்ளலாம். பதிவு செய்தவருக்கு, ஒப்பந்தத்தில் நாள் குறிப்பிட்டிருந்தால் அந்த நாளுக்குள், எப்படியாயினும் வேலை ஏற்கப்பட்டதிலிருந்து 45 நாட்களுக்குள் வாடிக்கையாளர் பணம் தந்தாக வேண்டும். நாள் குறிப்பிடாவிட்டால் 15 நாட்களே அவகாசம். வேலையைப் பெற்றுக்கொண்ட பின் 15 நாட்களுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால், பெற்றுக்கொண்ட நாளே ஏற்றுக்கொண்ட நாளாகும். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டுவட்டியாகச் சேரும். 90 நாள் கழித்துத் தருவோம் என்று ஏஜென்சியின் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் 45 நாள் வரம்பே நிற்கும். 2023-24 நிதியாண்டிலிருந்து, குறு, சிறு தொழில்களுக்கு இந்த வரம்பைத் தாண்டிப் பாக்கி வைத்திருக்கும் நிறுவனம், உண்மையில் பணம் கொடுக்கும் ஆண்டுவரை அத்தொகையைச் செலவாகக் காட்டி வருமான வரியில் கழிவு பெற முடியாது என்ற விதியும் வந்துவிட்டது. அதனால் உத்யம் எண்ணை இன்வாய்ஸின் தலைப்பிலேயே அச்சிட்டுவிடுங்கள். வாடிக்கையாளரின் கணக்குத் துறை அதைக் கவனிக்கும். ஒரு வாடிக்கையாளரிடம் ஒப்பந்தம் செய்வதற்கு முன்பே பதிவு செய்திருப்பது அவசியம், ஏனெனில் பின்னர் செய்த பதிவு முந்தைய பாக்கிக்குப் பொருந்துமா என்பது வழக்காகவே போய்ச் சிக்கிக்கொள்ளும்.

கெடு தாண்டியதும் முதலில் ஒரு நினைவூட்டல், ஒரு வாரத்தில் இன்னொன்று, அதன் பிறகு வட்டிக் கணக்குடன் ஒரு கடிதம் என்று படிப்படியாகச் செல்லலாம். தொடர்ந்து வேலை வாங்குபவர் என்றால் பாக்கி தீரும்வரை புதிய வேலையை நிறுத்திவைப்பது கடிதத்தைவிட விரைவாகப் பலன் தரும். அதற்கும் அசையாதவர்மீது, இத்தகைய பாக்கித் தகராறுகளை விசாரிக்க அதே சட்டத்தின்கீழ் அமைந்த, குறு, சிறு தொழில்களுக்கான வசதியாக்கல் கவுன்சிலில் முறையிடலாம். கவுன்சிலின் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் செல்ல விரும்பும் வாடிக்கையாளர், தீர்ப்பளிக்கப்பட்ட தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிய பிறகே செல்ல முடியும். உத்யம் பதிவு இல்லாதவர்களுக்கு வழக்கறிஞர் அறிவிப்பும் உரிமையியல் நீதிமன்றமும் உள்ளன; செய்த வேலைக்கான கூலியைக் கேட்டு வழக்குத் தொடுக்க மூன்று ஆண்டுகள் காலவரம்பு. அதுவரை அந்த முதல் மின்னஞ்சல், அதற்கு வந்த "சம்மதம்" என்ற பதில், வரைவை அனுப்பிய தேதி, இன்வாய்ஸ் ஆகிய நான்கையும் ஒரே கோப்பில் வைத்திருங்கள். கவுன்சிலும் நீதிமன்றமும் முதலில் கேட்பவை இவைதான்.